டார்லா ஊற்றிய தண்ணீரில் குறை இல்லை

தொட்டிச் செடிகள் பெரும்பாலும் தண்ணீர் போதாமல் சாவதில்லை. தண்ணீர் அதிகமாகித்தான் சாகின்றன. கடையில் வேலை பார்த்த காலத்தில் இதை நான் தினமும் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பேன். யாரும் நம்ப மாட்டார்கள். இலை தொங்கினால் தாகம் என்று நினைத்துக்கொண்டு இன்னொரு குவளை ஊற்றுவார்கள். கீழே வேர் மூச்சுவிட முடியாமல் கிடந்தால் மேலே இலை தொங்கத்தான் செய்யும்.

டார்லா அந்த ரகம் இல்லை. தொடக்கத்தில் அவளுக்கும் தெரியாதுதான். ஆனால் ஒரு முறை சொன்னால் பிடித்துக்கொள்வாள். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்ப்பாள், தொட்டியைத் தூக்கிக் கனம் பார்ப்பாள், அதற்குப் பிறகுதான் குழாயைத் தொடுவாள். அவளுடைய கவனக்குறைவால்தான் அந்தக் கஞ்சாச் செடிகள் பாழாயின, அதனால்தான் குழந்தைக்கு மருந்தில்லாமல் போனது என்று உங்கள் போலீஸ் ஆட்கள் வெளியே பேசிக்கொண்டிருந்தார்கள். அது சரியில்லை, டெபுடி. அதைச் சொல்லத்தான் வந்தேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. நான் மெதுவாகவே சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

என் பெயர் வெர்னா. ஊருக்குள் இருக்கும் விவசாயப் பொருள் கடையில் செடிப் பகுதியைப் பல வருடம் நான்தான் பார்த்துக்கொண்டேன். நோய் கண்ட இலையைச் சாண்ட்விச் பையில் போட்டுக்கொண்டு இந்தப் பள்ளத்தாக்கில் எல்லோரும் என்னிடம் வருவார்கள். கஞ்சாவைச் சட்டம் அனுமதிக்காத காலத்தில் ஏழு விரல் இலையைக் கையில் வைத்துக்கொண்டு, "தக்காளிக்கு என்னமோ ஆயிடுச்சு வெர்னா" என்பார்கள். நானும் முகம் மாறாமல் அந்தத் தக்காளிக்கு வைத்தியம் சொல்லி அனுப்புவேன். நைட்ரஜன் போதாவிட்டால் அடியிலிருந்து மஞ்சள் ஏறும். மெக்னீசியம் போதாவிட்டால் பழைய இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். உரம் அதிகமானால் நுனி கருகும். கவனித்துப் பார்த்தால் செடி எதையும் மறைப்பதில்லை.

எனக்கு ஓய்வு கொடுத்தபோது கேக் வெட்டினார்கள். அதற்குப் பிறகு யாரும் எனக்கு இலை கொண்டுவரவில்லை. அந்தக் குளிர்காலத்திலேயே என் கணவர் லோவல் போய்விட்டார். மகன் அலாஸ்காவில் இருக்கிறான். கிறிஸ்துமஸ் அன்று பேசுவான், அங்கே எவ்வளவு பனி என்று சொல்வான். தபால்காரி வரும் நேரம் பார்த்து நான் வாசலில் களை பிடுங்கிக்கொண்டிருப்பேன். அவள் வண்டியை விட்டு இறங்காமல் கையசைத்துவிட்டுப் போவாள். வானொலியில் வானிலை சொல்கிறவருக்கு நான் பதில் சொல்லத் தொடங்கியிருந்தேன். இதையெல்லாம் அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. நீங்கள் காரணம் கேட்டீர்கள்.

டார்லா எங்கள் சாலைக் கோடியில் இருக்கும் டிரெய்லர் வீட்டுக்குக் குடிவந்தது போன வருடம். வசந்தம் தொடங்கி மழை விடாத ஒரு பகலில் என் கதவைத் தட்டினாள். கையில் சாண்ட்விச் பை. பின்னால் மெத்தை வைத்த தலைக்கவசம் போட்டுக்கொண்டு ஒரு சிறுமி.

"வெர்னா நீங்கதானே? கடையில கர்ட் சொன்னாரு, மத்தவங்க கைரேகை பாக்குற மாதிரி நீங்க இலையப் பாப்பீங்கன்னு."

"உள்ள வா. கால மட்டும் தட்டிட்டு வா, சேறு."

இலையை வெளியே எடுத்துப் பார்த்தேன். கனமாக, வீங்கினாற்போல, காம்பிலிருந்தே கீழே வளைந்திருந்தது.

"எத்தனை தடவை ஊத்துற?"

"காலையில, சாயங்காலம். சில நாள் மத்தியானமும். ஊத்த ஊத்த இன்னும் தொங்குது."

"அது செடி, கண்ணு. குதிரை இல்ல."

சிறுமி சிரித்தாள். அவள் சிரித்ததும் டார்லாவும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழத் தொடங்கினாள். நான் காபி போட்டேன். அடுப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். சிறுமியின் பெயர் ஓபல். கைக்குழந்தையாக இருந்தபோதே வலிப்பு வந்துவிட்டது. ஒரே நாளில் பல முறை வரும். மருத்துவர்கள் கொடுத்த மருந்துகள் ஒன்று வலிப்பை நிறுத்தவில்லை, அல்லது பிள்ளையை நாள் முழுக்கத் தூங்க வைத்தன. அப்பா என்கிறவன் நெவாடாவுக்கு வேலை தேடிப் போனான், அங்கேயே இருந்துவிட்டான். அப்புறம் ஆற்றோரம் குடியிருந்த ஒரு கிழவர் தன் கஞ்சாச் செடி ஒன்றைக் கொடுத்திருக்கிறார். போதை ஏறாத வகை. அதன் பூவிலிருந்து டார்லா எடுத்த எண்ணெய் ஓபலுக்குக் கேட்டது. வலிப்பு வெகுவாகக் குறைந்து, பிள்ளை முதல் முறையாக ஒரு முழு வாக்கியம் பேசினாள். கடையில் விற்கும் எண்ணெயையும் டார்லா வாங்கிப் பார்த்திருக்கிறாள், அது ஒத்துக்கொள்ளவில்லை. கிழவர் இறந்துவிட்டார். அந்த வகைச் செடி வேறு யாரிடமும் இல்லை.

"இது போச்சுன்னா என்கிட்ட ஒன்னும் இல்ல, வெர்னா. ஒன்னுமே இல்ல."

போகவிடக்கூடாது என்று நான் சொன்னேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

அன்றே போய்ப் பார்த்தேன். பிளாஸ்டிக் கூரைக் கொட்டகைக்குள் சட்டம் அனுமதித்த அளவுக்குச் செடிகள். தொட்டிகளுக்கு அடியில் தட்டு நிறையத் தண்ணீர் நின்றது. மண்ணைத் தொட்டால் சிறு கறுப்பு ஈக்கள் கிளம்பின. தட்டுகளை எடுத்தேன், அடித் துளைகளைப் பெரிதாக்கினேன், மண் காயும்வரை தண்ணீரை நிறுத்தச் சொன்னேன். அந்த நாட்களில் டார்லா காலையும் மாலையும் என்னிடம் வந்தாள். இலை நிமிர்ந்ததா, நிமிரவில்லையா, மஞ்சள் பரவுகிறதா. அவள் வரும் நேரத்துக்கு நான் சீமைப்பூசணி ரொட்டி சுட்டு வைப்பேன். செடிகள் பிழைத்துக்கொண்டபோது அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. லோவலுக்குப் பிறகு என்னை யாரும் தொட்டிருக்கவில்லை.

பிறகு செடிகள் நன்றாக வளர்ந்தன. நல்ல மாணவிக்குக் கற்றுக்கொடுத்தால் அதுதான் பலன். அவளுக்குக் கேட்க ஒன்றுமில்லை. ஓபல் படிக்கும் பள்ளியிலேயே சமையலறையில் டார்லாவுக்கு வேலை. வேலை விட்டு வந்தால் பிள்ளை, துணி, சமையல். என் வீட்டைத் தாண்டிப் போகும்போது ஹார்ன் அடித்துக் கையசைப்பாள். ஞாயிற்றுக்கிழமைக்குச் செய்த ரொட்டியை நான் கோழிகளுக்குப் போட்டேன்.

கெடுக்க வேண்டும் என்று அன்று நான் போகவில்லை. அவர்கள் பள்ளியில் இருந்த நேரம், செடிகள் எப்படி இருக்கின்றன என்று பார்க்கத்தான் போனேன். பளபளவென்று நின்றன. தொட்டிகள் இன்னும் கனமாக இருந்தன, தண்ணீர் தேவையில்லை. குழாய் பக்கத்தில்தான் இருந்தது. கொஞ்சம் ஊற்றினேன். மறுநாளும் கொஞ்சம். அந்த வாரக் கடைசியில் டார்லா என் கதவைத் தட்டினாள், முகம் வெளிறியிருந்தது.

"நீங்க சொன்ன மாதிரிதான் பண்றேன். சத்தியமா. தூக்கிப் பார்த்துட்டுத்தான் ஊத்துறேன்."

"தெரியும் கண்ணு. பயப்படாத. உக்காரு, காபி குடி."

நான் போய்ச் சரிசெய்தேன். அது எனக்கு ஒன்றும் சிரமமான வேலை இல்லை. இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று அப்போது எனக்குத் தோன்றியது. செடி சில நாள் வாடும், பிழைக்கும். அவளுக்கு ஒரு துணை இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். இரண்டு பேருக்கும் நல்லதுதான்.

ஆனால் தண்ணீர்ப் பிரச்சினை சீக்கிரம் தீர்ந்துவிடும். அவளும் அதை அடையாளம் காணக் கற்றுக்கொண்டுவிட்டாள். அதனால் கடைக்குப் போய் ஒரு மூட்டை சுண்ணாம்பு வாங்கினேன். கர்ட் அதைத் தூக்கி என் வண்டியில் போட்டான். என் கையின் கீழ் வேலை பழகியவன், வாய் சும்மா இருக்காது.

"என்ன வெர்னா, சுண்ணாம்பு போட்டு யாரையாச்சும் புதைக்கப் போறீங்களா?"

"உன்னத்தான். குழி தோண்டி வச்சிருக்கேன், சாயங்காலம் வா."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். நகைச்சுவையைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை.

டார்லா கிணற்றுத் தண்ணீரை ஒரு நீலப் பீப்பாயில் பிடித்து வைத்துத்தான் செடிகளுக்கு ஊற்றுவாள். அதில் கலந்தேன். சுண்ணாம்பு ஏறினால் மண்ணின் தன்மை மாறிவிடும். உரம் மண்ணிலேயே கிடக்கும், வேரால் எடுக்க முடியாது. வாயைத் தைத்துவிட்டு எதிரே சாப்பாட்டை வைத்த மாதிரி. கொழுந்து இலை மஞ்சளாகும். சத்துக் குறை என்று நினைத்து உரம் போடத் தோன்றும். டார்லா போட்டாள். நுனி கருகியது. உரத்தை நிறுத்தினாள், அடி இலைகள் உதிர்ந்தன. எது நோய், எது வைத்தியம் என்று அவளுக்குப் புரியவில்லை. புரிந்திருக்கவும் முடியாது. அனுபவம் உள்ளவர்களே இதில் திணறுவார்கள். அவள் தினமும் வந்தாள். சில நாள் ஓபலை என் சோபாவில் படுக்க வைத்துவிட்டு என் மேசையில் தலை வைத்து அப்படியே தூங்கிவிடுவாள். நான் அவள் மேல் போர்வை போர்த்துவேன்.

நான் எப்போதும் உரிய நேரத்தில் குணப்படுத்திவிட்டேன் என்பதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். பீப்பாயைக் கழுவச் சொல்வேன், மண்ணை நிறைய நல்ல தண்ணீர் விட்டு அலசுவேன், செடிகள் மீண்டும் பச்சையாகும். பிறகு சில வாரம் விட்டுவைப்பேன்.

ஒரு நாள் ஓபலுக்கு உடம்பு சரியில்லாததால் அவர்கள் பள்ளிக்குப் போகவில்லை. அது எனக்குத் தெரியாது. டார்லாவின் வண்டி பழுதுபார்க்கப் போயிருந்ததால் வாசல் காலியாக இருந்தது. பீப்பாயருகே நின்றவள் நிமிர்ந்து பார்த்தேன். சன்னலில் ஓபல். கையை வீசி ஆட்டினாள். நானும் ஆட்டினேன். அன்று மாலை டார்லா வந்தபோது நான் எதற்கும் தயாராக இருந்தேன்.

"ஓபல் சொன்னா, நீங்க வந்து செடியப் பாத்துட்டுப் போனீங்கன்னு."

"ஆமா."

"எனக்குத் தெரியாமயே இவ்வளவு பண்றீங்க. எங்கம்மா கூட எனக்கு இப்படிப் பண்ணினதில்ல, வெர்னா."

என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவளிடம் நான் எதையும் மறைக்கவில்லை என்று அப்போது எனக்குத் தோன்றியது. ஒரு வகையில் அது உண்மையும்கூட. வந்தேனா என்று கேட்டாள், ஆமாம் என்றேன்.

அந்த வாரமே தாய்ச்செடியிலிருந்து ஒரு கிளையை வெட்டி, வேர் விட்ட கன்றாக என்னிடம் கொண்டுவந்தாள். "என் கொட்டகையில என்னமோ சரியில்ல. ஒன்னு உங்ககிட்ட இருக்கட்டும். உங்க கையில போனா எதுவும் சாகாது." நான் அதைத் தையல் அறையில் விளக்குப் போட்டு வைத்தேன். அது நன்றாக வந்தது. நான் வளர்த்ததில் அதைப்போல ஆரோக்கியமான செடி இன்னொன்று இல்லை.

நான் கணக்கில் தவறியது கோடையில். காட்டுத் தீயின் புகை வாரக்கணக்கில் பள்ளத்தாக்கை மூடிக்கொண்டது, உங்களுக்கும் நினைவிருக்கும். வெயில் இல்லை, மண் காயவில்லை. ஏற்கெனவே தளர்ந்திருந்த செடிகள். மண்ணை அலச நான் ஊற்றிய தண்ணீர் தொட்டியிலேயே நின்றுவிட்டது. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தபோது வேர் பழுப்பாகி, தொட்டால் தோல் உரிந்து வந்தது, நாற்றமடித்தது. வேர் வெள்ளையாக இருக்க வேண்டும். தாய்ச்செடி முதலில் போனது. மற்றவை பூக்கும் பருவத்தில் வளராமல் நின்றுவிட்டன, பூ என்று எடுத்தது ஒரு பிடிகூட இல்லை. டார்லா தரையில் உட்கார்ந்து அந்த ஈர மண்ணைக் கையால் கிளறிக்கொண்டிருந்தாள், எங்காவது ஒரு வெள்ளை வேர் இருக்கிறதா என்று. நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு அவள் மிச்சமிருந்த எண்ணெயைக் குறைத்துக் குறைத்துக் கொடுத்தாள். மருத்துவர் வேறு மருந்து எழுதினார். ஓபல் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். வலிப்பு பழையபடி வரத் தொடங்கியது. பள்ளியிலிருந்து அவளை அழைத்துப் போகச் சொன்னார்கள். டார்லா வேலைக்குப் போகாமல் பிள்ளையோடு உட்கார்ந்தாள். கன்னம் ஒட்டிப்போய், ஒரே சட்டையை நாள் கணக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மதியம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள்.

"அந்தக் கன்னு இருக்குல்ல, வெர்னா? உங்ககிட்ட குடுத்தது."

தையல் அறைக் கதவு சாத்தியிருந்தது.

"போயிடுச்சு கண்ணு. புகையிலதான். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்தேன்."

அவள் ஓபலின் தலைக்கவசத்து வாரைச் சரிசெய்தாள், அது சரியாகத்தான் இருந்தது. அப்புறம் இன்னொரு கையால் என்னை அணைத்துக்கொண்டாள்.

"உங்க தப்பு இல்ல. அப்படி நெனைக்காதீங்க. உங்களால முடிஞ்சத எல்லாம் பண்ணினீங்க."

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். என் மனதில் ஒரு திட்டம் இருந்தது. தேங்ஸ்கிவிங் பண்டிகைக்கு அவர்கள் இருவரையும் சாப்பிடக் கூப்பிட நினைத்திருந்தேன். வான்கோழி, கிரான்பெரி, எல்லாம். சாப்பிட்டு முடித்ததும் தையல் அறைக் கதவைத் திறந்து காட்டுவது. அவள் முகம் எப்படி மாறும் என்று பல முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அன்றே கொடுத்திருந்தால் அவள் வாங்கிக்கொண்டு ஓடியிருப்பாள், அவ்வளவுதான். அது அப்போதே பூத்திருந்ததா என்றால், பூத்திருந்தது. அறை முழுக்க வாசனை. வெட்டி உலர்த்தினால் சில வாரத்துக்கு எண்ணெய் வந்திருக்கும். இன்னும் சில வாரம்தானே, பொறுத்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். குழந்தைகள் பொறுத்துக்கொள்கிறார்கள்.

போன செவ்வாய்க்கிழமை காலைச் சாப்பாட்டு நேரத்தில் டார்லா போன் செய்தாள். "நிக்கல வெர்னா, நிக்கவே மாட்டேங்குது, மூக்குல அடிக்கிற மருந்தும் அடிச்சாச்சு, வாங்க." ஆம்புலன்ஸுக்குப் பேசுவதற்கு முன்பு அவள் எனக்குத்தான் பேசினாள். உங்கள் விசாரணையில் அதை அவளுக்கு எதிராக வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அப்படி வைக்காதீர்கள். பயத்தில் ஒருத்தி யாரை நம்புகிறாளோ அவளைத்தான் முதலில் கூப்பிடுவாள். நான் செருப்புப் போடாமல் ஓடினேன். ஓட்ஸ் கஞ்சி தரையில் கொட்டிக் கிடந்தது. ஓபலைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்திருந்தாள், எல்லாம் முறைப்படி. நான் பிள்ளையின் தலையை மடியில் தாங்கிக்கொண்டேன், அதற்குப் பிறகுதான் டார்லா ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். அது ஊரிலிருந்து வர வேண்டும், பாலத்தில் வேலை நடக்கிறது. வந்தபோது ஓபலின் உதடு நீலமாகியிருந்தது. வழியிலேயே முடிந்துவிட்டது.

மருத்துவமனையில் அந்த இளம் டாக்டர் டார்லாவிடம் சொன்னதை நானும் கேட்டேன். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு எல்லாம் சரியாக இருக்கும்போதும் இது நேரலாம், இன்ன காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் அடிக்கடி அதை நினைத்துக்கொள்கிறேன்.

டார்லா அப்போது சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், "நான்தான் கொன்னுட்டேன். என் கையில ஒரு செடி கூடத் தங்கல." அதையே இங்கேயும் சொல்லியிருப்பாள். நீங்கள் நம்பியிருப்பீர்கள். அதனால்தான் நான் வந்தேன். அவள் அப்படி நினைத்துக்கொண்டு வாழ்வது நியாயமில்லை.

ஆகையால் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். தொட்டிகளில் அதிகத் தண்ணீர் ஊற்றியது நான். பீப்பாயில் சுண்ணாம்பு கலந்தது நான். அந்தக் குழந்தைக்கு வேண்டிய செடி பூத்து என் வீட்டில் நின்றபோது, செத்துவிட்டது என்று அவள் அம்மாவிடம் சொன்னதும் நான்தான். என்னை யாரும் தூண்டவில்லை. கெட்ட எண்ணம் இருந்ததா என்று கேட்டீர்கள். இல்லை. ஓபல் மேல் எனக்குப் பாசம் உண்டு. என் சோபாவில் அவள் தூங்கும்போது கால் விரல்களைச் சுருக்கிச் சுருக்கி விரிப்பாள். அந்தப் பிள்ளைக்கு ஒரு தீங்கு வர வேண்டும் என்று ஒரு நாளும் நான் நினைத்ததில்லை.

கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். கொஞ்சம் சீக்கிரம் முடித்தால் நல்லது. டார்லா பக்கத்து அறையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறாள், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டாள். இந்த நிலையில் அவள் தனியாக வண்டி ஓட்டக் கூடாது, அந்த வீட்டில் தனியாகப் படுக்கவும் கூடாது. நான் கூட்டிக்கொண்டு போகிறேன். இப்போது அவளுக்கு என்னைவிட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?